பெங்களூர்த் தமிழ்க் குழுக்களின் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அட்மின் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம்.

2023 செப்டம்பர் 26. காவிரிக்காகப் பெங்களூர் பந்த் நடந்த நாள். மாலை ஆறரை மணிக்கு எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. வரிசையாக நின்ற பேருந்துகள் எரிந்துகொண்டிருந்தன. கீழே, "இப்போது நடக்கிறது. தமிழர்கள் யாரும் வெளியே வர வேண்டாம். எல்லாக் குரூப்புக்கும் அனுப்பவும்" என்று ஒரு வரி. நான் போனை எடுத்துப் பார்த்தபோது மணி ஏழேகால். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. 2016 செப்டம்பர் 12ஆம் தேதி மைசூர் சாலைப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தின் 40-க்கும் மேற்பட்ட பேருந்துகளைக் கொளுத்தினார்களே, அப்போது எடுத்தது. அன்றிரவு எங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்துக்குப் படம் தேர்ந்தெடுத்தவர்களில் நானும் ஒருவன். எலும்புக்கூடாக நின்ற அந்தப் பேருந்துகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. ஏழு வருடத்துக்கு முன்பே அணைந்த தீ அது.

"பழைய வீடியோ, 2016" என்று குழுவில் எழுதினேன். அட்மின் தம்பி உடனே அதை நீக்கிவிட்டு, கைகூப்பும் பொம்மை ஒன்று போட்டார். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்துக்குள், இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்த ஓர் இளம் தம்பதி, பத்து மாதக் கைக்குழந்தையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் ஓசூருக்குக் கிளம்பிவிட்டார்கள். பந்த் நாள், இருட்டில், அத்திப்பள்ளி எல்லை வழியாக. வீட்டிலேயே இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எங்கள் தெருவில் அன்று சாயங்காலம் பையன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்று மறுநாள்தான் தெரிந்தது. அன்றிலிருந்தே இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அரசாங்கத்துக்கு எழுதலாம், அமெரிக்காவில் இருக்கும் கம்பெனிக்கு எழுதலாம். அவர்களுக்கு நிறையப் பேர் எழுதுகிறார்கள். உங்களுக்கு யாரும் எழுதுவதில்லை. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர், ஒயிட்ஃபீல்டு என்று இந்த ஊரில் தமிழர் இருக்கும் இடமெல்லாம் குழு இருக்கிறது. கோயில் திருவிழாக் குழு, அடுக்குமாடிக் குழு, பொங்கல் விழாக் குழு, தங்கவயலில் ஒன்றாகப் படித்தவர்கள் குழு. நான் மட்டும் ஒன்பதில் இருக்கிறேன். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். நூறு வருடங்களுக்கு முன்னால் அவ்வளவு வாசகரை வைத்துக்கொண்டு ஒரு வாரப் பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள். ஆகவே "நான் சும்மா குரூப் ஆரம்பிச்சேன், அவ்வளவுதான் சார்" என்று நீங்கள் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் உட்கார்ந்திருப்பது செய்தி ஆசிரியரின் நாற்காலி.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூர்ப் பதிப்பில் 1984இல் புரூஃப் ரீடராகச் சேர்ந்தேன். பிறகு உதவி ஆசிரியர். 2018இல் ஓய்வு. 34 வருடத்தில் பெரும்பகுதி இரவுப் பணி.

1991 டிசம்பரை உங்களில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை 11ஆம் தேதி மத்திய அரசு அரசிதழில் வெளியிட்டது. அடுத்த இரண்டு நாள் இந்த ஊரில் தமிழர்கள் பட்டபாட்டை இங்கே விவரிக்கப் போவதில்லை. எங்கள் செய்தி டெஸ்க்கில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். பகுதிநேர நிருபர் ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். இன்ன பேட்டையில் இத்தனை வீடு எரிகிறது, இத்தனை பேர் செத்துவிட்டார்கள் என்றார். எங்கள் செய்தி ஆசிரியர் தலையை நிமிர்த்தாமல் மூன்று கேள்வி கேட்டார். "யார் பார்த்தது? எப்போ பார்த்தது? பார்த்தவன்கிட்ட நீ பேசினியா?" மூன்றாவது கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. வீடுகள் எரிவதை அவரே பார்த்திருந்தார். அது பக்கத்துக்குப் போனது. சாவு எண்ணிக்கையை இன்னொருவர் சொல்ல, அவருக்கு வேறொருவர் சொல்லியிருந்தார், அது போகவில்லை. போலீஸிலும் ஆஸ்பத்திரியிலும் கேட்டு, மறுநாள் நிச்சயமானதைப் போட்டோம். "பயந்தாங்கொள்ளிப் பேப்பர்" என்று நம் ஆட்களே திட்டினார்கள். நாங்கள் விட்டவற்றில் சில உண்மையாகவும் இருந்தன. ஆனால் நாங்கள் போட்ட பொய்யான எண் ஒன்றைக் கேட்டு எவனும் கத்தி எடுக்கவில்லை என்ற நிம்மதி இன்றுவரை எனக்கு இருக்கிறது.

போன வருடம் என் பேத்தி கல்லூரிக் கட்டுரைக்காக, "தாத்தா, பத்திரிகைக்கும் சோஷியல் மீடியாவுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள். காகிதம், போன்; மெதுவு, வேகம்; ஒருவர் பேசுவது, எல்லாரும் பேசுவது என்று அவளே எழுதி வைத்திருந்தாள். எல்லாம் சரிதான். நான் ஒன்று சேர்க்கச் சொன்னேன். எப்போது சலிக்கிறோம் என்பது. கோலாரிலிருந்து ஒரு செய்தி போனில் வந்தால், எழுதிய நிருபர், திருத்தும் உதவி ஆசிரியர், தலைப்பு வைக்கும் செய்தி ஆசிரியர், கம்போசிங், புரூஃப் என்று ஐந்து ஜோடிக் கண்ணாவது பட்ட பிறகே அச்சுப் பிளேட்டுக்குப் போகும். சமூக ஊடகத்தில் முதலில் போகும், பிறகு யாராவது பார்ப்பார்கள். மாவைச் சலித்துவிட்டுப் பிசையலாம். பிசைந்த மாவை எப்படிச் சலிப்பது? அந்தத் தாமதத்தை எங்கள் தொழிலின் குறை என்றே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

பத்திரிகைகள் தப்பே செய்ததில்லை என்று சொன்னால் நீங்கள் என்னை நம்பக் கூடாது. 1986 டிசம்பரில் ஓர் ஆங்கில நாளிதழ் அச்சிட்ட ஒரு சிறுகதையால் இதே பெங்களூரில் கலவரம் வந்து உயிர்கள் போயின. 1994 அக்டோபரில் தூர்தர்ஷன் பெங்களூர் நிலையம் 10 நிமிட உருதுச் செய்தியைத் தொடங்கியபோதும் அப்படியே. என் கையாலேயே ஒரு பிழை நடந்தது. ஒரே பெயர் கொண்ட இரண்டு பேரில் இனிஷியல் மாறி, உயிரோடு இருந்தவரைக் காலமானார் என்று போட்டுவிட்டோம். வேலூரிலிருந்து சொந்தக்காரர்கள் மாலையோடு வந்து இறங்கிவிட்டார்கள். மறுநாள் காலை அந்தப் பெரியவர் மகனைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்தார். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அதே பக்கத்தில், அதே இடத்தில் திருத்தம் போட்டோம். முதல் நாள் பேப்பரைப் படித்தவர்களே அடுத்த நாளும் படிப்பார்கள். அதனால் திருத்தம் பெரும்பாலும் போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேரும்.

இங்கேதான் எனக்கு உங்களைப் பற்றிக் கவலை. வாட்ஸ்அப்பில் தப்பு ஒரு வழியாகப் போகிறது, திருத்தம் வேறு வழியாகப் போகிறது. நீங்கள் "எல்லாருக்கும் நீக்கு" என்று அழுத்தினால் உங்கள் குழுவில் மட்டும் மறையும். அங்கிருந்து நாற்பது பேர் நாற்பது குழுவுக்கு அனுப்பிய பிரதிகள் அப்படியே இருக்கும். அந்தக் கைக்குழந்தைக்காரர்களுக்கு வீடியோ வந்ததுகூட நேராக எங்கள் குழுவிலிருந்து அல்ல. எங்கள் குழுவில் இருந்த ஒருவர் தன் மச்சானுக்கு அனுப்பி, மச்சான் தன் ஆபீஸ் குழுவில் போட்டு, அங்கிருந்து போயிருக்கிறது. என் திருத்தம் அந்த மச்சானைக்கூடத் தாண்டவில்லை.

2018ஐச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. பத்திரிகையில் செய்தியை வெட்டுவது தினசரி வேலை. இடம் போதாவிட்டால் கீழேயிருந்து வெட்டுவோம். அதனால்தான் முக்கியமானதை முதல் பத்தியிலேயே எழுதப் புது நிருபர்களைப் பழக்குவோம். அந்த வருடம் இந்தியா முழுக்க ஒரு வீடியோ சுற்றியது. தெருவில் விளையாடும் குழந்தையை பைக்கில் வந்த இருவர் தூக்கிக்கொண்டு போவார்கள். பாகிஸ்தானின் கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. முழுப் படத்தில் அவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, குழந்தை கடத்துவது எவ்வளவு சுலபம் பார்த்தீர்களா என்று எச்சரிக்கும் அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். எங்கள் தொழிலில் கடைசியில் இருப்பதை இழந்தால் நஷ்டமில்லை. அங்கே கடைசியில்தான் உண்மை இருந்தது.

மே 9ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம் ஒன்று வழியில் நின்றது. 65 வயது அம்மா ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊரே கூடி அவரை அடித்துக் கொன்றது. மே 23, நம் சாமராஜ்பேட்டை. பிழைப்புக்காக ராஜஸ்தானிலிருந்து வந்த 26 வயதுப் பையன். அதே சந்தேகம், அதே முடிவு. அந்தச் செய்தியை நான் திருத்தினேன். ஓய்வு பெறுவதற்கு முன் நான் கைவைத்த கடைசிப் பெரிய செய்திகளில் ஒன்று. தெருவில் நின்று அடித்தவர்களைத் தவிர, "எதுக்கும் அனுப்பி வைப்போம், ஜாக்கிரதையா இருக்கட்டும்" என்று நல்ல மனதோடு அனுப்பிய தாய்மார்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று அன்றிரவு யோசித்தேன். கெட்ட எண்ணத்தோடு அனுப்பியவர்கள் மிகக் கொஞ்சமாகத்தான் இருந்திருப்பார்கள்.

அதன் பிறகுதான் வாட்ஸ்அப் ஜூலை மாதம் 'ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் அனுப்ப முடியாது என்று வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு சமயத்தில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. 5 என்ற எண் இந்த ஊருக்குப் புதிதில்லை. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவர்களைத் தாக்கப் போகிறார்கள் என்று வதந்தி பரவி, சிட்டி ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் குவாஹாட்டிக்கு ரயில் ஏறினார்களே, அப்போது மத்திய அரசு 15 நாளைக்கு, ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளைத் தடைசெய்து வைத்த வரம்பும் ஐந்துதான். பக்கத்து வீட்டில் பல வருடம் இருந்த மணிப்பூர்ப் பையன்கள் மிக்ஸியைக்கூட எடுக்காமல் போனார்கள். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஒருவன் வரவே இல்லை.

சமூக ஊடகம் என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறோம். அது தப்பு. யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் அடுத்து எதைக் காட்டுவது என்று ஒரு இயந்திரக் கணக்கு முடிவு செய்கிறது. நீங்கள் எதில் நின்றீர்கள், எதற்குக் கோபப்பட்டீர்கள் என்பதே அதன் அளவுகோல். ஃபேஸ்புக் 2017இல் கோப முகம் உள்ளிட்ட பொம்மைகளுக்கு ஒரு 'லைக்'கைவிட ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தது என்பது 2021இல் வெளியான அதன் உள் ஆவணங்களில் இருக்கிறது. கோப முகத்தின் மதிப்பைப் பிறகு அவர்களே பூஜ்யமாக்கினார்கள். எந்தப் பத்திரிகையிலும், வாசகர் எத்தனை பேர் பல்லைக் கடித்தார்கள் என்று எண்ணி அடுத்த நாள் முதல் பக்கம் போட முடிந்ததில்லை. போட ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அல்சூர் மார்க்கெட் பக்கம் நான் போகும் டீக்கடையில் அந்தக் காலத்தில் ஒரே ஒரு தமிழ் பேப்பர், ஒரு கன்னடப் பிரஜாவாணி. ஒரு தாளை நான்கு பேர் பிரித்துப் படிப்பார்கள். முதல் பக்கம் என்றால் எல்லாருக்கும் அதே முதல் பக்கம். "இவன் எழுதினது பொய்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்களுக்கு எந்த வரி என்று தெரியும். சண்டை போட ஒரு பொதுவான தாள் இருந்தது. இன்று என் போனில் வருவது என் மகனுக்கு வருவதில்லை, அவனுக்கு வருவது என் பேத்திக்கு வருவதில்லை. ஒரே வீட்டில் மூன்று முதல் பக்கம்.

வாட்ஸ்அப்பில் அந்த இயந்திரக் கணக்கு கிடையாது. அதில் எது மேலே போகிறது, எது பரவுகிறது என்பதை மனிதர்கள்தான் தீர்மானிக்கிறோம். அதனால்தான் அந்தக் கம்பெனியைவிட உங்களிடம் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது. 2018 மார்ச்சில் 'சயன்ஸ்' ஆய்விதழில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மூவர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய செய்திகளை எடுத்துப் பார்த்ததில், பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆவதற்கு மெய்ச் செய்தியைவிட 70 சதவீதம் அதிக வாய்ப்பு இருந்தது. மனிதர் இல்லாமல் தானே பதிவிடும் போலிப் பயனர்கள் ('பாட்') செய்த வேலையோ என்று அவற்றைக் கழித்துப் பார்த்தும் அதே முடிவு. பொய்யை வேகமாகக் கொண்டுபோனது மனிதர்களின் விரல்தான். பொய் புதுமையாக இருக்கிறது. உண்மை பெரும்பாலும் நேற்றுக் கேட்டது போலவே இருக்கிறது.

பெங்களூருக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. நம் டெஸ்க் மேசையில் தினமும் மூன்று கன்னடப் பேப்பர் கிடக்கும். எங்களில் ஐந்தாறு பேர் கன்னடம் எழுத்துக்கூட்டாமல் படிப்பவர்கள். ஒரு நிகழ்ச்சியை அவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் நாங்கள் காவிரிச் செய்தியில் பேனா வைத்ததில்லை. இரு பக்கமும் ஒரே எண்ணைச் சொன்னால் ஓரளவு நம்பலாம். தமிழ்க் குழுவில் வருவதைக் கன்னடர் யாரும் பார்ப்பதில்லை, கன்னடக் குழுவில் வருவதை நாம் பார்ப்பதில்லை. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு இரண்டு பேரும் பயந்துகொண்டிருக்கிறோம். 2016 செப்டம்பரில் அதுதான் நடந்தது. இங்கே ஒரு மாணவனை, ஃபேஸ்புக்கில் கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்தான் என்று அடித்து மண்டியிட வைத்த வீடியோ தமிழ்நாட்டுக்குப் போனது. ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டி ஓட்டுநரை அறைந்த வீடியோ இங்கே வந்தது. இரண்டுமே உண்மையான வீடியோக்கள். ஒவ்வொன்றிலும் நான்கைந்து பேர் செய்த அடாவடி. ஆனால் போனில் பார்த்தவர்களுக்கு ஒரு மாநிலமே இன்னொரு மாநிலத்தை அறைந்தது போலத் தெரிந்தது. பத்திரிகையில் அது உள்பக்கத்தில் இரண்டு பத்தி. அளவு என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் ஒரு செய்திதான். எது பெரியது, எது சின்னது என்று பக்கம் சொல்லிவிடும். போனில் எல்லாமே உள்ளங்கை அகலம்.

அல்சூர் ஏரிக்கரையில் நிற்கும் வள்ளுவர் சிலை 1991இலிருந்து 18 வருடம் துணி மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. அல்சூர்த் திறப்பு விழாவுக்கு நான் போயிருந்தேன். என் பக்கத்தில் நின்ற கன்னடத்துப் பெரியவர் கை தட்டினார். இந்த ஊரில் அக்கம்பக்கம் என்பதை அவ்வளவு பொறுமையாகச் சேர்த்திருக்கிறோம். அதை 30 விநாடி வீடியோவுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

வதந்திகள் இப்போது பத்திரிகையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகின்றன. டிவி சேனல்களின் லோகோ, அதே நிறம், அதே எழுத்து வைத்த நியூஸ் கார்டு. ஒரு தலைவர் சொல்லாததைச் சொன்னதாக ஒரு வரி. ஒற்றெழுத்துகளைப் பாருங்கள். அவசரத்தில் செய்தவன் வல்லினம் மிகுமிடத்தைத் தவறவிட்டிருப்பான், தேதி வைத்திருக்க மாட்டான். ஆனால் அது மட்டும் போதாது. இப்போது நன்றாகவே செய்கிறார்கள். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அதே கார்டு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. ஒரு நிமிட வேலை. வாய்ஸ் நோட்டு இன்னும் ஆபத்து. "நான் ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன், யாருக்கும் சொல்லாதீங்க" என்று நடுங்கும் குரலில் ஒரு பெண் பேசினால் நாம் அழுதுவிடுகிறோம். பெயர் சொல்லவில்லை, எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை, என்றைக்கு என்று சொல்லவில்லை. குரல் நடுங்கியது, அவ்வளவுதான் சாட்சி.

இதைப் படித்துவிட்டு, போனைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2015 டிசம்பர் 2ஆம் தேதி சென்னை வெள்ளத்தில் தொழிலாளர்கள் அச்சகத்துக்குப் போக முடியாமல் 'தி இந்து' நாளிதழ் அங்கே அச்சாகவில்லை. 1878இல் தொடங்கியதிலிருந்து அதுவே முதல் தடவை. அச்சு நின்ற அந்த நாளில் எந்தத் தெருவில் படகு வேண்டும் என்று சொன்னது போன்தான். இங்கிருந்து லாரி லாரியாகப் போர்வையும் தண்ணீரும் போனதை ஒழுங்கு செய்தவை உங்கள் குழுக்கள்தான். அதை எந்த நாளிதழாலும் செய்திருக்க முடியாது.

என் குடும்பத்திலும் ஒரு கதை இருக்கிறது. 2021 மே முதல் வாரம், கொரோனா இரண்டாம் அலை. என் தம்பிக்கு ஆக்சிஜன் அளவு 84க்கு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிகளில் படுக்கை இல்லை. ஒரு குழுவில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு 62 போன் எண்கள் கொண்ட பட்டியல் வந்தது. மேலே "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதியிருந்தது. யார் சரிபார்த்தார், எப்போது என்று இல்லை. ஒவ்வொன்றாக அழைத்தேன். ஸ்விட்ச் ஆஃப். ஸ்விட்ச் ஆஃப். "அண்ணா, அது போன வாரமே தீர்ந்துபோச்சு." ஒரு எண்ணில், யார் என்று கேட்காமலே ஒரு அம்மா, "எங்க வீட்டுக்காரரும் போயிட்டாருப்பா, இனிமே கூப்பிடாதீங்க" என்று சொன்னார். 27 எண் முடிந்தது. பத்திரிகையில் எந்தச் செய்தியும் 'பெங்களூர், மே 6' என்று ஊரும் தேதியும் இல்லாமல் தொடங்காது. புரூஃப் ரீடராக இருந்தபோது அந்த இரண்டு சொல்லை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். அவை எதற்காக அங்கே இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

ராத்திரி எட்டு மணிக்கு வேறொரு குழுவில் இன்னொரு பட்டியல் வந்தது. மாரத்தஹள்ளியில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு பையன், நான்கு நண்பர்களோடு சேர்ந்து போட்டது. மொத்தம் ஒன்பதே எண்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதியிருந்தான்: 'மே 6, இரவு 7.20. நானே பேசினேன். இரண்டு சிலிண்டர் இருக்கு. கம்மனஹள்ளி.' கிடைக்காதவற்றை அடித்துவிட்டிருந்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐவரும் மறுபடி எல்லாருக்கும் போன் போட்டு நேரத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கம்மனஹள்ளிச் சிலிண்டர் பத்தரை மணிக்கு என் தம்பி வீட்டுக்கு வந்தது. அவன் இன்று நன்றாக இருக்கிறான். அந்தப் பையன் இதழியல் படித்தவனா என்று பிறகு கேட்டேன். மெக்கானிக்கல் என்றான். யார் பார்த்தது, எப்போ பார்த்தது, பார்த்தவன்கிட்ட பேசினியா. எங்கள் செய்தி ஆசிரியரின் மூன்று கேள்வியையும் அவன் யாரும் சொல்லாமலே கேட்டிருந்தான். பத்திரிகைக்கு ஒரு ராத்திரி பிடிக்கும் வேலையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்திருந்தான். சமூக ஊடகம் எங்கள் தொழிலைவிட மேலாகவும் இருக்க முடியும் என்று என்னை நம்பவைத்தவன் அவன்தான்.

சட்டத்தைப் பற்றிச் சிலர் கேட்பீர்கள். பத்திரிகையில் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். 1867ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த கட்டாயம். வழக்கு என்று வந்தால் யாரைத் தேடிப் போவது என்று அதில் இருக்கும். சமூக ஊடக நிறுவனங்களைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இடைத்தரகர் என்கிறது. வெளியீட்டாளர் என்று சொல்லவில்லை. 2021 விதிகளின்படி குறை கேட்க ஓர் அலுவலரையும் வைத்தாக வேண்டும். உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் குற்றப் பொறுப்பு ஏற்க வேண்டியதில்லை என்று கேரள உயர்நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொன்னது. அது நியாயமான தீர்ப்பு. உங்களைப் பயமுறுத்திச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் சட்டம் கேட்காததை நான் கேட்கிறேன்.

உங்கள் குழுவில் கலவரம், கடத்தல், நோய், சாவு என்று எது வந்தாலும், அனுப்பியவரிடம் அந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். குழுவில் எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம், பெரியவர்கள் சங்கடப்படுவார்கள். தனியாகக் கேளுங்கள். பதில் வரும்வரை அந்தப் பதிவை எடுத்து வையுங்கள். 2022இலிருந்து எந்த உறுப்பினரின் பதிவையும் நீக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. சித்தப்பா கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும், தீபாவளிக்குள் சரியாகிவிடும். காவிரித் தீர்ப்பு வரும் நாள், பந்த் நாள் என்றால் முந்தைய இரவே அட்மின் மட்டும் எழுதும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். அது தணிக்கை என்று யாராவது சொல்வார்கள். நாங்கள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பக்கத்தை மூடுவோம், அதற்குப் பேர் தணிக்கை இல்லை. தப்பானது போய்விட்டால் வெறுமனே அழித்துவிட்டுக் கைகூப்ப வேண்டாம். அழித்தது என்ன, ஏன் பொய் என்று இரண்டு வரி எழுதி, குழுவின் மேலே பின் செய்து வையுங்கள். அனுப்பியவரிடம், "எங்கெங்கே அனுப்புனீங்களோ அங்கே இதையும் அனுப்புங்க" என்று கேளுங்கள். திருத்தத்துக்கும் கால் வேண்டும்.

கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரைத் துணை அட்மினாகப் போடுங்கள். இதை மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திக் கேட்கிறேன். இங்கேயே பிறந்து இங்கேயே பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள். முடிந்தால் பக்கத்துத் தெருக் கன்னடக் குழுவின் அட்மின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "உங்க குரூப்ல இப்படி ஒண்ணு வந்திருக்கா?" என்று கேட்க ஒரு போன் போதும். எங்கள் தெருவில் இரண்டு வருடமாக அப்படிச் செய்கிறோம். அந்தக் கன்னடக் குழு அட்மின் தன் பெயரை இங்கே எழுதச் சம்மதிக்கவில்லை. போன தடவை அவரே முதலில் கூப்பிட்டார்.

எனக்கு 34 வருட இரவுப் பணிப் பழக்கம் விடவில்லை. பன்னிரண்டு மணிவரை விழித்திருப்பேன். என் எண் உங்களில் பலரிடம் இருக்கிறது, இல்லாதவர்கள் இருப்பவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம். சந்தேகமாக எது வந்தாலும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். நான் தூங்கிப்போயிருந்தால் காலை ஐந்தரைக்கு, பேப்பர் வரும் நேரத்துக்கு எழுந்துவிடுவேன். அதுவரை யாருக்கும் அனுப்பாமல் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து,
ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர் ஒருவர்